மாமாவுக்கு, அந்த ஆற்றைப் பற்றி

அன்புள்ள மாமா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறார்களா, இல்லை பீரோவில் பத்திரமாக இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "ஏம்மா, நாம போன அந்த ஆத்தைத் தூத்துட்டு கார் பொம்மை ஓட விடப்போறாங்களாமே?" என்றீர்கள். "அதெல்லாம் புரளி மாமா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பையனிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நாற்பது வருஷம் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கிய லஸ்கர் ஒருவர் ஆற்றைப் பற்றிக் கேட்கும்போது அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை டிஸ்னிலேண்ட் பூங்காவில் இருக்கும் அந்த ஆற்றுக்குக் கூட்டிப்போன நம் ஆட்கள் இங்கே கலிபோர்னியாவில் நிறைய. ஆற்றைத் தூர்க்கிறார்கள் என்று உங்களுக்கு வந்த அதே வீடியோ அவர்களுக்கும் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்த வீடியோவில் வற்றிக் கிடக்கும் ஆறு நாம் போனது இல்லை. டிஸ்னிக்கு இந்த நாட்டில் இரண்டு ஊர்களில் பூங்கா. நாம் போனது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கலிபோர்னியா அனஹைமில், 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலேண்ட். மற்றது நாட்டின் அந்தக் கோடியில், ஃபுளோரிடாவில், 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம். இரண்டிலும் 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரில் ஆறு வெட்டினார்கள். நடுவில் டாம் சாயர் தீவு, தீவைச் சுற்றிவர பின்னால் பெரிய சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். இல்லாமல் போனது ஃபுளோரிடா ஆறு. 2025 ஜூலை 6 அதற்குக் கடைசி நாள். 'கார்ஸ்' படத்துக் கார்கள் ஓடப்போவது அந்த இடத்தில்தான். அது புரளி இல்லை, கம்பெனியே அறிவித்துச் செய்வது.

புரளி என்பது இதற்கு அடுத்தது. "அங்கே போயாச்சு, அடுத்தது அனஹைம்" என்கிற பேச்சு. அங்கே என்ன வரும் என்று ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொல்கிறார்கள். நான் தேடிப் பார்த்தவரை கம்பெனி அப்படி எதையும் அறிவிக்கவில்லை. யாரோ ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்ல, அதை மூன்றாமவர் "உறுதியான தகவல்" என்று போட, அது திருவாரூர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனாலும் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன் மாமா. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஃபுளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் ரசிகர்கள் கூடும் விழா ஒன்றில், அங்கே 'பிக் தண்டர்' என்ற மலை ரயில் சவாரிக்கு அப்பால் புதிதாக என்னவெல்லாம் கட்டலாம் என்று யோசிப்பதாகப் படம் காட்டினார்கள். 'அப்பால்' என்றதும் எல்லோரும் ஆற்றுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்தை நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ஆற்றின் மேலேயே வரப்போகிறது என்பது 2024 ஆகஸ்டில்தான் தெரிந்தது. அதற்கு முன்னாலேயே ஆற்றை மூடிவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அப்போது அதையும் புரளி என்றுதான் தள்ளினோம்.

2018 ஜூன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேட்டூரில் தண்ணீர் இல்லை. ஜூன் 12 வந்து போயிற்று, அணை திறக்கவில்லை. நீங்கள் இங்கே எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து காலையில் எழுந்ததும் போனில் நீர்மட்டம் பார்ப்பீர்கள். டிஸ்னிலேண்டுக்குக் கிளம்பச் சொன்னபோது, "எனக்கென்ன சின்னப்புள்ள வெளையாட்டு" என்று மறுத்தீர்கள். பையன் கையைப் பிடித்து இழுத்ததால் வந்தீர்கள். உள்ளே எதிலும் மனசு ஒட்டவில்லை. வரிசை, வெயில், இரைச்சல். அத்தை நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஒரு திருப்பத்தில் தண்ணீர் தெரிந்தது. நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள்.

அப்போது கேட்டீர்களே, "இது எங்கேருந்து வருது, எங்கே போகுது?" என்று. எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் படித்தேன். எங்கேயும் போவதில்லை மாமா. தீவைச் சுற்றியே நிற்கிறது. பக்கத்தில் காட்டுப் படகு போகிற ஆறும், கோட்டையைச் சுற்றிய அகழியும் இதே தண்ணீரோடு சேர்ந்தவைதான். கலங்கலாகத் தெரியும்படி சாயம் கலக்கிறார்கள், அடியில் கிடக்கும் தண்டவாளம் கண்ணில் படாமல் இருக்க.

அந்தத் தண்டவாளத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்! மார்க் ட்வைன் கப்பலில் ஏறியதும் பையனுக்கு மேலே சுக்கான் அறைக்குப் போகவேண்டும் என்று ஆசை. அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே கூட்டிப்போனாள். நீங்கள் சக்கரத்தைத் தொட்டு லேசாக ஆட்டிப் பார்த்தீர்கள். கப்பல் திரும்பவில்லை. என் காதோரம் வந்து, "இது சும்மா பாப்பா, அடியில ஏதோ புடிச்சு இழுக்குது" என்றீர்கள். ஆனால் நீராவி நிஜம். கீழ்த்தளத்துக்கு இறங்கியதும் இன்ஜின் தண்டு முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்த்தபடி, வெக்கை முகத்தில் அடிக்க, அப்படியே நின்றீர்கள். கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நீங்கள் இறங்கவில்லை. மூன்று சுற்று வந்தோம். அத்தை கரையிலிருந்து கைகாட்டிக் கொண்டே இருந்தார்கள்.

சுக்கான் அறையில் கொடுத்த சான்றிதழ், உங்கள் பெயரை அந்தப் பெண் எழுத்துக்கூட்டி எழுதினாளே, அதை ஓய்வுபெற்ற ஆணையோடு ஒரே கவரில் வைத்திருக்கிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள்.

கரையோரம் ஒரு கல்மரத்தைப் பார்த்தோம், மறந்திருக்கமாட்டீர்கள். "திருவக்கரையில வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போனப்ப இப்படித்தான் கெடந்துச்சு" என்றீர்கள். கொலராடோவிலிருந்து வந்தது அது. வால்ட் டிஸ்னி தன் மனைவிக்குக் கல்யாண நாள் பரிசாக வாங்கியதாம். வீட்டில் வைக்க இடமில்லாமல் 1957-ல் அந்த அம்மாளே பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். கோடிக்கணக்கான ஆண்டு பழையது. ஆற்றை எடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்றுகூட நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த ஆறு வெட்டிய கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அந்த இடம் முன்பு ஆரஞ்சுத் தோப்பு. மணல் பாங்கான மண். 1955-ல் ஆற்றை வெட்டித் தண்ணீர் விட்டார்கள். விட்ட தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் களிமண் கொண்டுவந்து அடியில் பரப்பித்தான் தண்ணீரை நிறுத்தினார்கள். இதைப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. வாய்க்கால் கரையில் கசிவு கண்டால் நீங்கள் களிமண்ணை உருட்டி, காலால் மிதித்து மிதித்து அடைப்பீர்களே. அந்த வேலையை அங்கேயும் யாரோ செய்திருக்கிறார்கள்.

பூங்கா வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் ஜோ ஃபௌலர், கடற்படையில் அட்மிரலாக இருந்து ஓய்வுபெற்றவர். பூங்கா திறக்க நாலு நாள் முன்னால், ஜூலை 13 அன்று, வால்ட் டிஸ்னி தம்பதிக்கு முப்பதாவது கல்யாண நாள். விருந்து மார்க் ட்வைன் கப்பலில். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் தளமெல்லாம் மரத்தூள். அந்த அம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அட்மிரலோடு சேர்ந்து பெருக்கினாராம். கப்பல் நிற்கிற அந்தச் சின்னத் துறைக்கு இன்றைக்கும் ஃபௌலர் பெயர்தான். தீவு அடுத்த வருஷம், 1956 ஜூனில் திறந்தது. 1958-ல் மூன்று பாய்மரம் வைத்த கொலம்பியா கப்பல் வந்தது.

அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். 2007-ல் தீவுக்குக் கடற்கொள்ளையர் வேஷம் கட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 2016 ஜனவரியில் தண்ணீரை வடித்து, ஒன்றரை வருஷம் மூடி, ஆற்றின் வடக்குப் பக்கத்தை வெட்டிச் சுருக்கினார்கள். அந்த நிலம் 'ஸ்டார் வார்ஸ்' பகுதிக்குப் போயிற்று. அப்போதும் ஆறு போய்விட்டது என்றுதான் பேசினார்கள். 2017 ஜூலையில் திறந்தபோது நானும் போனேன், குறை கண்டுபிடிக்கிற மனசோடு. புதிதாகப் பாறை அடுக்கி அருவி விட்டிருந்தார்கள். பூங்காவைச் சுற்றும் ரயிலின் பாதையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் திருப்பியிருந்தார்கள். மனசாட்சிப்படி சொல்கிறேன், முன்பைவிட அழகாக இருந்தது. நீங்கள் பார்த்தது அந்தச் சுருங்கிய ஆறுதான் மாமா. சுருங்கியதாக உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதனால் கைவைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருக்குவது வேறு, தூர்ப்பது வேறு. உங்களுக்குத் தெரியாததா?

அனஹைம் ஆறு பிழைக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1992 முதல் இரவில் நடக்கும் 'ஃபெண்டாஸ்மிக்' காட்சிக்குத் தீவுதான் மேடை, ஆறுதான் திரை. நாம் கூட்டத்தில் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து பார்த்தது அதுதான். 2023 ஏப்ரலில் அங்கே டிராகன் பொம்மை தீப்பிடித்து எரிந்தது. அதற்காக விட்டுவிடாமல் அடுத்த வருஷம் காட்சியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரிடாவில் இந்தக் காட்சி வேறு பூங்காவில், தனி அரங்கத்தில் நடக்கிறது. அந்த ஆற்றுக்கு இரவு வேலை இல்லை. அடுத்தது, அனஹைம் நகரசபை 2024 மே மாதம் டிஸ்னியின் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது, இடத்துக்காக ஆற்றைத் தூர்க்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அறிவித்திருக்கும் புதுச் சவாரிகளும் பக்கத்துப் பூங்காவுக்குத்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வால்ட் டிஸ்னி நடந்து திரிந்த ஒரே பூங்கா இது. ஃபுளோரிடா பூங்கா திறக்கும்போது அவர் உயிரோடு இல்லை.

ஆனால் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த ஆறு எப்போதும் உறுத்தும். அத்தனை ஏக்கர் தண்ணீர். இரண்டு கப்பல், சில தெப்பம், துடுப்புப் படகு. வரிசையே இருக்காது. காத்திருக்க வேண்டாதது ஜனங்களுக்கு வேண்டாதது என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். என் பையன் தீவில் குகைக்குள் ஓடி, மிதவைப் பாலத்தில் குதித்து, கண்ணில் படாமல் அரைமணி நேரம் போனானே, அது எந்தக் கணக்கில் வரும்? அந்தப் பூங்காவில் அவன் கையை நான் விட்ட ஒரே இடம் அது. நீங்கள் "போகட்டும் விடு, நாலு பக்கமும் தண்ணிதானே, எங்கே போயிடுவான்" என்றீர்கள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு மர நிழலில் கால் நீட்டினார்கள். மற்ற இடமெல்லாம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். இங்கே மட்டும்தான் நம்மை நம் பாட்டுக்கு விட்டார்கள்.

உங்கள் கேள்வி ஏன் அப்படி வந்தது என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நம் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடிய கன்னி வாய்க்கால். அதுவும் முதலில் பேச்சாகத்தான் வந்தது. பிறகு கல் நட்டார்கள். ஒரு கோடையில் லாரி லாரியாக மண் கொட்டி, மனைக்கட்டாக்கி, கொடி கட்டிவிட்டார்கள். நீங்கள் மனு எழுதிக்கொண்டு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினீர்கள். அம்மா போனில் சொன்னபோது, நான் இங்கிருந்து "விடுங்க மாமா, உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன். இப்போதும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமை நானும் பையனும் போகிறோம். அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது, என்னோடு வெளியே வருவதே அபூர்வம். இதற்கு மட்டும் உடனே சரி என்றான். காலையில் முதல் சுற்றிலேயே ஏறி, இன்ஜின் பக்கத்தில் நின்று, தண்டு ஓடுவதை முழுதாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். அளக்கிற ஆள், கயிறு, கொடி ஏதாவது கரையில் கண்ணில் பட்டால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். அந்தச் சான்றிதழை வெளியே எடுத்து ஒரு போட்டோ அனுப்புங்கள். அன்றைக்குச் சுக்கான் அறையில் மணியை எத்தனை தடவை அடிக்கவிட்டார்கள் என்று எங்களுக்குள் சண்டை. நான் இரண்டு என்கிறேன். பையன் மூன்று என்கிறான், மூன்றாவது தடவை தாத்தா அடித்தார் என்கிறான். நீங்கள் சொல்வதுதான் கணக்கு.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
பாப்பா