மிட்சினாவில் இருக்கும் மகளுக்கு

ரங்கூன்

அன்புள்ள மீனாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். போன் கிடைக்கும் நாளிலும் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். சிவா ஏதோ சொன்னான். நான் அவனைக் கிளறவில்லை, உன்னையும் கேட்கப்போவதில்லை. மழை பிடித்துவிட்டது, மலைப்பக்கம் காய்ச்சல் கூடும் காலம் என்பதால், மலேரியாவில் ரத்தச் சர்க்கரை இறங்கிப்போகும் விஷயம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன், படி.

மலேரியாவில் மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு முதலில் சர்க்கரையைப் பார். மூளை மலேரியா என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன்னால் பார். வலிப்பு வந்தால் மறுபடியும் பார். நினைவில்லாத பிள்ளை தலை சுற்றுகிறது, பசிக்கிறது என்று சொல்லாது. பெரியவர்களுக்கு லிட்டருக்கு 2.2 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சர்க்கரை கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 3 மில்லிமோலுக்குக் கீழே போனாலே கொடுத்துவிட வேண்டும். கிலோவுக்கு 5 மில்லி, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் தண்ணீர். கையில் 50 சதவீதம்தான் இருந்தால் அதை அப்படியே சின்ன நரம்பில் ஏற்றாதே, நரம்பு புண்ணாகிவிடும். ஒரு பங்குக்கு நாலு பங்கு ஊசித் தண்ணீர் கலந்துகொள். 12 கிலோ பிள்ளைக்கு 12 மில்லி டெக்ஸ்ட்ரோஸ், 48 மில்லி தண்ணீர், நிதானமாக. நரம்பு கிடைக்கவில்லையா, வெள்ளைச் சர்க்கரையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்குக்கு அடியில் வை. பிள்ளை அதை விழுங்கிவிடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விழுங்கினால் ரத்தத்தில் சேர நேரமாகும்.

கொடுத்த 15 நிமிஷத்தில் மறுபடி குத்திப் பார். ஏறிவிட்டது என்று எழுந்து போய்விடாதே. டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடட்டும். நினைவு திரும்பும் வரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இரு. மீனா, இது திரும்பத் திரும்ப இறங்கும். நாம் ஏற்றின சர்க்கரை அந்தப் பிள்ளைக்கு மட்டும் போவதில்லை.

ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, புகாததைவிட 100 மடங்கு வரை குளுக்கோஸ் இழுக்கும். ரத்தத்தில் இருக்கும் பருவத்தில் ஃபால்சிபாரம் என்ற அந்த மலேரியா ஒட்டுண்ணி, சக்திக்கு மைட்டோகாண்டிரியாவை, அதாவது செல்லின் சக்தி அடுப்பை, பெரிதாக நம்புவதில்லை. ஒரு குளுக்கோஸை உடைத்து சக்திக் காசு போன்ற ஏ.டி.பி. இரண்டே எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட் என்ற புளிப்புக் கழிவாகத் துப்பிவிடும். லாபம் அவ்வளவு கம்மி என்பதால்தான் தீனி அவ்வளவு அதிகம். குளுக்கோஸ் உள்ளே வர அதற்கு முக்கியமான வாசல், சர்க்கரையைக் கடத்தும் ஹெக்ஸோஸ் டிரான்ஸ்போர்ட்டர் என்ற புரதம் ஒன்றுதான், அதை எடுத்துவிட்டால் பிழைக்காது. பிள்ளை மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு கிடந்தால் லாக்டேட் 5 மில்லிமோலைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள். பட்டினியில் கல்லீரல் கையிருப்பு தீர்ந்திருக்கும், புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலையும் தடைப்பட்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து வருகிறது.

ஒட்டுண்ணிக்குச் சர்க்கரை எரிப்பதற்கு மட்டுமில்லை. குளுக்கோஸ் உடையும் வழியில் ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட் என்ற படியில் பாதை பிரிகிறதே, அங்கிருந்து கொஞ்சம் மேனோஸ் பக்கமும் கொஞ்சம் குளுக்கோசமின் பக்கமும் போகும், இரண்டும் சர்க்கரை வகைகள்தான். அந்த இரண்டையும் வைத்துத்தான், புரதங்களைத் தன் மேல்தோலில் பிடித்துவைக்கும் ஜி.பி.ஐ. நங்கூரத்தைக் கட்டுகிறது. கொழுப்போடு இருக்கும் இனோசிட்டாலில் முதலில் ஒரு குளுக்கோசமின், அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக மேனோஸ், கடைசியில் எத்தனோலமைன் பாஸ்பேட். புதுச் சிவப்பணுவுக்குள் புகும் பருவமான மீரோசோயிட்டின் மேலிருக்கும் எம்.எஸ்.பி.-1, எம்.எஸ்.பி.-2 புரதங்கள் அந்த நங்கூரத்தில்தான் நிற்கின்றன. நம் செல் 14 சர்க்கரை சேர்ந்த கொத்தைப் புரதத்தில் மாட்டும். இந்த ஒட்டுண்ணி என்-அசிட்டைல் குளுக்கோசமின் என்ற சர்க்கரை ஒன்று, மிஞ்சினால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் இதன் சர்க்கரை வேலையில் பெரும்பங்கு அந்த நங்கூரம்தான். சிவப்பணு வெடிக்கும்போது அது வெளியே வந்து காய்ச்சலைக் கிளப்புவதில் சேர்ந்துகொள்கிறது. இதையெல்லாம் ஆராயப் போகிறேன் என்று விண்ணப்பப் படிவம் வரை வாங்கி வைத்தவள் நீ. அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நீ வார்டைத் தேர்ந்தெடுத்ததை அப்பா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதக்கூட நேரமில்லாத வேலை என்ன வேலை?

மீட்டர் விஷயத்தைக் கவனமாகப் படி. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் சாதாரண ரத்தத்துக்குக் கணக்குப் பண்ணினது. சோகை பிடித்து ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, இறங்கிப்போன பிள்ளைக்கு அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். மலேரியா வார்டில் பாதிப் பிள்ளைகள் சோகைப் பிள்ளைகள்தானே. ஸ்ட்ரிப்பில் 4 என்று வரும், உண்மையில் 3-க்கும் கீழே இருக்கலாம். நடுராத்திரியில் அந்த எண்ணைப் பார்த்த டாக்டருக்கு அது தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எந்தப் பெரிய டாக்டராக இருந்தாலும் இல்லை. இதை இரண்டு தடவை படி.

லேபுக்கு அனுப்பினால் நேர்மாறாக நடக்கும். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், ஒட்டுண்ணி நிறைய இருந்தால் இன்னும் வேகம். ஃபுளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடு. அதிலும் முதல் ஒரு மணி நேரம் இறக்கம் நிற்காது, ஃபுளூரைடு அடைப்பது குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஈனோலேஸ் என்ற நொதியை. அதனால் குழாயை ஐஸில் வைத்து, அணுக்கள் பிரிய உடனே மெஷினில் சுழற்றச் சொல். எடுத்த நேரம், பார்த்த நேரம் இரண்டையும் சீட்டில் எழுதச் சொல். ஹீமோகுளோபினையும் பக்கத்திலேயே எழுதட்டும். மீட்டர் சரியாகக் காட்டுகிறது, பிள்ளை மட்டும் சரியில்லை என்றால் பிள்ளையை நம்பி டெக்ஸ்ட்ரோஸ் கொடு.

மலேரியா ஊசி மருந்தான ஆர்ட்டிசுனேட் தீர்ந்து, பழைய மருந்தான குவினைன் போட வேண்டி வந்தால் இன்னும் உஷார். குவினைன் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கொட்ட வைக்கும். கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. 1983-லேயே மலேரியா ஆராய்ச்சி டாக்டர் நிக்கலஸ் வைட்டும் கூட இருந்தவர்களும் இதை எழுதிவிட்டார்கள். 2005-ல் வெளிவந்த பெரிய பரிசோதனையில் நம் பர்மா நோயாளிகளும் சேர்ந்திருந்தார்கள். குவினைனில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட்டில் 15. ஆர்ட்டிசுனேட் கொடுத்தும் நூற்றில் 15 பேர், மீனா. எல்லாம் சரியாகச் செய்த ஆஸ்பத்திரிகளில்.

நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. கொசுவலைக்குள் தூங்கு. உனக்கே காய்ச்சல் வந்தால் மாத்திரையை நீயாகப் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் ரத்த ஸ்லைடு எடுத்துப் பார். பஸ்ஸில் வரும் பெட்டியில் ஸ்ட்ரிப் டப்பா இரண்டு இருக்கிறது, மூடியை இறுக்கி வை, ஈரம் பட்டால் தப்பாகக் காட்டும். கருப்பட்டி உனக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன், எடு. சிவா சொன்னதைக் கேட்க மாட்டேன்.

அம்மா