டாக்பேக்கை அணைக்காமல் உதவுங்கள்: கைபேசி உதவி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வீஸ் சென்டர்களிலும் கைபேசிக் கடைகளிலும் கஸ்டமர் கேர் தொலைபேசியிலும் பணிபுரிவோருக்கு வணக்கம்.

பார்வையற்ற ஒருவர் தம் போனையோ டேப்லெட்டையோ நீட்டியதும் உங்களில் பலர் முதலில் செய்வது, திரையில் உள்ளதை அவருக்கு வாசித்துச் சொல்லும் அதன் பேச்சை அணைப்பதுதான். பிறகு வேலையை முடித்து, அணைத்தது அணைத்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். வாசலைத் தாண்டுவதற்குள் அவரால் ஓர் அழைப்பைக்கூட எடுக்க முடியாமல் போகிறது. பழுது நீங்கியும் அவருக்குப் பயன் இல்லை.

அணைக்காமலே உதவலாம். அதற்குக் கற்கவேண்டியது ஒரு மணி நேரப் பாடம்கூட இல்லை.

இப்படி வாசிக்கும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் 2009-இலேயே வந்துவிட்டன. இரண்டும் இலவசம். இவை இயங்கும்போது ஒரு விரலால் தொட்டால் அந்த இடத்தில் இருப்பதை வாசிக்கும், திறக்காது. இருமுறை தட்டினால்தான் திறக்கும். வலப்பக்கம் ஸ்வைப் செய்தால் அடுத்த உருப்படி, இடப்பக்கம் செய்தால் முந்தையது. பக்கத்தை நகர்த்த டாக்பேக்கில் இரண்டு விரல், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல். "டச் வேலை செய்யவில்லை" என்று நீங்கள் நினைக்கும் போன்களில் பல, இந்த விதிப்படி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருப்பவையே.

அணைத்தே தீரவேண்டும் என்றால், திரும்ப இயக்கும் வழியைத் தெரிந்துகொண்டு அணையுங்கள். ஆண்ட்ராய்டில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தவேண்டும். இந்தக் குறுக்குவழி அணைந்திருந்தால், அதை இயக்கும் தேர்வு அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் டாக்பேக்குக்கான திரையில் இருக்கும். ஐபோனில் பக்கவாட்டு பட்டனை, பழைய மாடலில் ஹோம் பட்டனை, மூன்று முறை அழுத்தவேண்டும். அதற்கு அக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்டில் வாய்ஸ்ஓவரைத் தேர்ந்திருக்க வேண்டும். புத்தம் புதிய போனின் முதல் திரையிலும் இதே பட்டன்கள் வேலை செய்யும். ஆகவே புதுப் போனை வாங்குபவர் தாமே அமைத்துக்கொள்ள முடியும். "நாங்களே எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கவேண்டிய தேவை இல்லை.

"ஸ்கிரீன் போயிடுச்சு" என்று முடிவுகட்டுவதற்கு முன் போன் பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால், திரை வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் எட்டிப்பார்க்காமல் இருக்கத் திரையைக் கறுப்பாக்கும் வசதி இரண்டிலும் உண்டு. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை மீளும். திரையைப் பெரிதாக்கும் ஜூம் வசதியும் இயங்கினால் நான்கு முறை தட்டவேண்டும். டாக்பேக்கில் மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் வரும் மெனுவில் திரையை மறைக்கவும் காட்டவும் வழி இருக்கிறது. இதை அறியாமல் டிஸ்ப்ளேயைக் கழற்றினால் நல்ல போன் கெடும்.

திரை தெரிகிறது, பேச்சு மட்டும் இல்லை என்றால் காரணம் வேறு. வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் இருமுறை தட்டினால் பேச்சு நின்றுவிடும். மறுபடி அதையே செய்தால் வரும். ஜூம் இயங்கும்போது அது மூன்று தட்டு. ஆண்ட்ராய்டில் பேச்சுக்கெனத் தனி ஒலியளவு உண்டு. அது பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் பட்டனை அழுத்தினால்தான் எளிதில் கூடும். பையில் கிடக்கும் புளூடூத் இயர்போனுக்கும் பேச்சு போய்க்கொண்டிருக்கலாம். இவற்றைப் பார்த்தபின், எழுத்தைப் பேச்சாக மாற்றும் குரல் இயக்கியைச் சோதியுங்கள். போனில் இடம் பிடிக்கிறது என்று யாராவது குரல் தரவை நீக்கியிருக்கலாம்.

தமிழ் வாசகர்களிடம் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: ஆங்கிலத்தை வாசிக்கிறது, தமிழ்ச் செய்தி வந்தால் ஊமையாகிவிடுகிறது. தமிழ்க் குரல் இறக்கப்படாததே பெரும்பாலும் காரணம். ஆண்ட்ராய்டில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் செட்டிங்ஸில் கூகுள் இயக்கியைத் திறந்து தமிழ்க் குரல் தரவை இறக்குங்கள். போனுக்குள் இறக்கி வைத்தால் இணையம் இல்லாதபோதும் பேசும். வெளியிலிருந்து நிறுவிய குரல் இயக்கிகளில் சில, போனை அணைத்துப் போட்டபின், திரைப்பூட்டின் PIN எண்ணை முதல்முறை இடும்வரை பேசாது. அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் போனுடன் வந்த இயக்கியையே முதன்மையாக வைத்துக்கொடுங்கள்.

பார்வையுள்ள உதவியாளருக்கு மிகவும் உதவும் வசதி ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. வாய்ஸ்ஓவர் செட்டிங்ஸில் 'கேப்ஷன் பேனல்' என்று ஒன்று உண்டு. டாக்பேக்கின் மேம்பட்ட செட்டிங்ஸில், டெவலப்பர் பகுதிக்குள், பேச்சைத் திரையில் காட்டும் தேர்வு உண்டு. இயக்கினால், போன் பேசுவதெல்லாம் எழுத்தாகத் திரையில் ஓடும். பேச்சு வேகம் உங்கள் காதுக்குப் பிடிபடாவிட்டாலும் படித்துக்கொண்டே வழிசொல்லலாம். வேகத்தைக் குறைத்தால், கொடுக்கும்முன் பழைய அளவுக்கே மாற்றிவிடுங்கள்.

போன் அவர் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். "அந்த நீல ஐகானை அமுக்குங்க" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. பட்டனின் பெயரைப் போன் எப்படி உச்சரிக்கிறதோ அப்படியே சொல்லுங்கள்: "வலப்பக்கம் ஸ்வைப் பண்ணிக்கிட்டே போங்க, 'செண்ட் பட்டன்' என்று சொன்னதும் இருமுறை தட்டுங்க." அது பெயரே இல்லாமல் வெறும் 'பட்டன்' என்று மட்டும் வாசித்தால், அந்தச் செயலியை எழுதியவர் பெயர் வைக்கவில்லை. வாய்ஸ்ஓவரில் இரண்டு விரலால் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரல்களை எடுக்காமல் வைத்திருந்தால் நாமே பெயர் வைக்கலாம். டாக்பேக் மெனுவிலும் பல பட்டன்களுக்கு அது முடியும்.

கடவுச்சொல்லை உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள். இயர்போன் கொடுத்து அவரையே இடச் சொல்லுங்கள். புதுப் போன் வாங்க வந்தவருக்கு, திரைக்கு அடியில் கைரேகை உணரி உள்ள மாடலைவிடப் பக்கவாட்டுப் பட்டனில் உள்ளதைக் காட்டுங்கள். வழவழப்பான கண்ணாடியில் அந்த இடத்தை விரலால் தேடுவது பெரும்பாடு.

தொலைபேசி உதவி நடத்தும் நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். "ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லி ஐந்து நொடியில் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். பார்வையற்றவர் கீபேட் பட்டனைத் தேடித் திறந்து, எண்ணைக் கண்டு, இருமுறை தட்டவேண்டும். அதற்கிடையில் உங்கள் பதிவுக் குரலும் போனின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பேசும். நேரத்தைக் கூட்டுங்கள். வாயால் சொல்லித் தேர்வுசெய்யவும் வழி வையுங்கள். சாட்டில் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சோதனை வைத்தால், பக்கத்திலேயே மனிதரோடு பேச ஒரு வழி இருக்கட்டும்.

திரையைப் பகிர்ந்து உதவுவது வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே முடிகிறது. அவருக்கு வரும் செய்திகளும் உங்களுக்குத் தெரியும் என்பதைத் தொடங்கும்முன் சொல்லிவிடுங்கள். 2015-இல் தொடங்கிய 'பி மை ஐஸ்' செயலியில் தன்னார்வலர்கள் கேமரா வழியே பார்த்துச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் அங்கே தங்கள் உதவிப் பிரிவையே வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனமும் அங்கே சேர்வதைப் பரிசீலியுங்கள்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும். வருடக்கணக்கில் சேர்த்த குரல், வேகம், அவர் பெயர் வைத்த பட்டன்கள் எல்லாம் அதோடு போகலாம். செய்தே ஆகவேண்டுமானால், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் அவருக்கு நினைவிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒவ்வொரு மையத்திலும் டாக்பேக்குடன் வரும் பயிற்சியையும் வாய்ஸ்ஓவர் பயிற்சித் திரையையும் ஊழியர் ஒருவராவது திரையை மறைத்துவிட்டு முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம். பழுதுச் சீட்டில் இரண்டு வரி சேருங்கள்: வாங்கும்போது ஸ்கிரீன் ரீடர் இயங்கியதா, திருப்பிக் கொடுக்கும்போது இயங்கியதா. இரண்டாவது வரியை, போன் பேசுவதை வாடிக்கையாளர் தம் காதால் கேட்ட பிறகு நிரப்புங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்றோருக்குக் கைபேசிப் பயிற்சி அளிப்போர்