விஜயந்த் என்றொரு பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற மாதம் நீ வந்திருந்தபோது பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாய் அல்லவா? அதன் அடியில், என் பணி ஓய்வு ஆணைக்கும் உன் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் நடுவே, மடிப்பில் கிழிந்துபோன ஒரு செய்தித்தாள் துண்டு கிடந்தது. அதை எடுத்துக் காட்டி, "இந்தப் பிள்ளை யார் அப்பா, நமக்கு உறவா?" என்று கேட்டாய். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு சொல்கிறேன் என்று சமாளித்தேன். தொலைபேசியில் இரண்டு முறை தொடங்கியும் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கேப்டன் விஜயந்த் தாப்பர் என்பது அவன் பெயர். பஞ்சாபில் 1976 டிசம்பர் 26 அன்று பிறந்தவன். நீ பிறந்ததும் அந்த ஆண்டுதான். ஓர் அதிகாரியை, அதிலும் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது பெற்ற ஒருவரை, அவன் என்று எழுதுவது முறையில்லைதான். ஆனாலும் என் பெண்ணின் வயதுப் பிள்ளையாகவே இத்தனை ஆண்டுகளும் அவனை நினைத்துவந்ததால், அவர் என்று எழுதக் கை வரவில்லை.

உறவா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. அவனுடைய தந்தை ராணுவ அதிகாரி. பிறந்த மகனுக்கு விஜயந்தா டாங்கியின் பெயரை வைத்தார். அந்த டாங்கியைக் கட்டியவர்களில் உன் அப்பாவும் ஒருவன். 1970இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து, 1980களில் அதன் உற்பத்தி நின்று டி-72 டாங்கிகள் வரும் வரை, நான் பற்றவைத்தவை எல்லாம் விஜயந்தாவின் தகடுகளே. ஏறத்தாழ 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். ஒரு விரற்கடை அளவுக்குப் பற்றவைப்பு சரியில்லை என்றாலும், சோதனைக்கு வருகிறவர் சாக்குக்கட்டியால் அந்த இடத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போவார். மாலைச் சங்கு ஊதிய பிறகும் உட்கார்ந்து, அதைச் சுரண்டி எடுத்து மறுபடியும் பற்றவைப்போம். உள்ளே உட்காரப்போகிற நால்வரும் யார் பெற்ற பிள்ளைகளோ என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளமாட்டோம், அவ்வளவுதான். 1971 போரில் அந்த டாங்கி களத்தில் இருந்தது என்று செய்தி வந்தபோது எங்களுக்குப் பெருமையாகவும் அச்சமாகவும் இருந்தது. இரும்பில் நாங்கள் செய்த ஒன்றின் பெயரை ஒரு தாயும் தந்தையும் தங்கள் குழந்தைக்குச் சூட்டியிருந்தார்கள் என்பதை, அந்தக் குழந்தை வளர்ந்து இறந்த பிறகே அறிந்தேன்.

அவன் வீட்டில் ராணுவத்தில் சேர்ந்த நான்காம் தலைமுறை. வீட்டில் ராபின் என்று கூப்பிடுவார்களாம். 1998 டிசம்பரில் இரண்டாம் ராஜபுதன ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானான். அதன்பின் அவனுக்கு வாய்த்தது ஆறரை மாதம். கார்கிலுக்குப் போகுமுன் காஷ்மீரில் குப்வாரா பகுதியில் இருந்தபோது, அங்கே ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறான். தீவிரவாதிகள் தன் தந்தையைக் கொன்றதைக் கண்டு பேச்சை இழந்துவிட்ட குழந்தை. நேரம் கிடைத்தபோதெல்லாம் அவளைப் போய்ப் பார்த்துவந்தான். அவளுக்கு ஒரு சல்வார் கமீஸ் தைத்துவைக்கும்படி தன் அம்மாவிடம் கேட்டிருந்தான். அவனைப் பற்றிப் படித்தவற்றில் என் மனத்தில் முதலில் நிற்பது இதுதான். துப்பாக்கியோடு ஊர் ஊராகத் தேடுதலுக்குப் போய்வந்த 22 வயதுப் பையன், ஒரு சிறுமியின் உடை அளவை நினைவில் வைத்திருந்தானே!

1999 கார்கில் போர் உனக்கும் நினைவிருக்கும். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையைக் குறிபார்க்கும் உச்சிகளில் பாகிஸ்தான் படையினர் பதுங்கியிருந்தார்கள். கீழிருந்து ஏறிப் போய் அவர்களை விரட்டவேண்டும். பல நாள் முயன்று, பலரை இழந்து, ஜூன் 13 அன்று டோலோலிங் உச்சியை மீட்டது இவனுடைய படைப்பிரிவுதான். அடுத்து நோல் என்னும் முகடு. ஜூன் 28 இரவு பௌர்ணமி. மறைவதற்கு ஒரு செடிகூட இல்லாத மலைமுகட்டில், பகல்போல் நிலவு எரிக்க, குண்டுமழைக்கு நடுவே முன்னேறினார்கள். அவர்களை நடத்திச் சென்ற மேஜர் பத்மபாணி ஆசார்யாவும் அந்தச் சண்டையிலேயே இறந்தார். விஜயந்த் இயந்திரத் துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்தபோது தலையில் குண்டு பட்டது. 1999 ஜூன் 29. 22 ஆண்டு, ஆறு மாதம், மூன்று நாள். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அதே போரில் பட்டாலிக் பகுதியில் இறந்த நம் திருச்சி மேஜர் சரவணனின் உடல் கிடைக்கவே ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. அந்த ஜூலையில் நம் குவார்ட்டர்ஸில் வேறு பேச்சே இல்லை.

அந்தச் செய்தித்தாள் துண்டில் இருப்பது விஜயந்த் கடைசியாக எழுதிய கடிதம். தாய், தந்தை, தம்பி, பாட்டி எல்லாருக்கும் சேர்த்து எழுதி, தான் திரும்பாவிட்டால் கொடுக்கும்படி தோழர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறினான். தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, மறுபடி மனிதனாகப் பிறந்தாலும் ராணுவத்தில்தான் சேருவேன் என்கிறான். அதற்குப் பின் வருவதெல்லாம் கடன் தீர்ப்பது போன்ற சிறிய வேண்டுகோள்கள். தன் உடலிலிருந்து எடுக்கக்கூடிய உறுப்புகளை எடுத்துக்கொள்ளட்டும். படை போரிட்ட இடத்தை முடிந்தால் வந்து பாருங்கள். அனாதை இல்லத்திற்கு ஏதாவது கொடுங்கள். அந்தச் சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்துவாருங்கள். சாகப்போகிற இடத்தில் நின்றுகொண்டு, அந்த 50 ரூபாய் நின்றுவிடக்கூடாதே என்று கவலைப்பட்ட பிள்ளை அவன்.

இனிச் சொல்லப்போவதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஆண்டுதான் உனக்கு வெளியூரில் வேலை கிடைத்து, நான் அனுப்பமாட்டேன் என்று நின்றேன். "22 வயதில் உனக்கு என்ன தெரியும்" என்று நான் கேட்டதும், நீ இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் உனக்கு மறந்திருக்காது. மூன்றாம் நாள் காலையில், தேநீர்க் கடையில் இந்தக் கடிதத்தை நாளிதழில் படித்தேன். கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை வாங்கி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல் ரயில் நிலையத்துக்குப் போய் உனக்குப் பயணச்சீட்டு எடுத்துவந்தேன். அப்பா எப்படி மனம் மாறினார் என்று நீங்கள் எல்லாரும் வியந்தீர்கள். அவனுடைய தந்தை மகனை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் நின்றார். நான் அனுப்பிய மகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டியோடு வந்து இறங்கினாள். உன் திருமணத்தன்று, உன் குழந்தையைக் கையில் வாங்கிய அன்று, உன் தலையில் முதல் நரையைக் கண்ட அன்று, அந்த வீட்டில் இவையெல்லாம் எந்த இடத்தில் நின்றுபோயினவோ என்று எண்ணாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. அவனுடைய தந்தை கர்னல் வி. என். தாப்பர், மகன் கேட்டபடியே, அவன் போரிட்ட திராஸுக்கு ஆண்டுதோறும் போய்வருகிறார். அந்தச் சிறுமியையும் அவர்கள் கைவிடவில்லை.

அடுத்த விடுமுறைக்கு லடாக் போகலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகவே போங்கள். திராஸில் டோலோலிங் மலையின் அடிவாரத்தில், சாலையோரமே நினைவிடம் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். விஜயந்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் எனக்காக அதன் முன் நில். என் முழங்கால்கள் அவ்வளவு தூரம் வர இடம்கொடுக்காது. செய்தித்தாள் துண்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பில் ஒட்டவேண்டாம், ஒட்டினால் எழுத்து மறைந்துவிடும்.

அங்கே உயரத்தில் மூச்சு வாங்குமாம். கம்பளி உடை எடுத்துக்கொள். மெதுவாக நட.

அன்புடன்,
அப்பா