குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு ஏழு முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர் வராததால் (கோரம் இல்லாமல்) கலைந்தது. கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விளையாட்டு ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

இணையதள வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டதாகச் செயற்குழுவில் குறை சொன்னார்கள். அதனால் நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

பார்வையற்றவரான நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சென்ற பொதுக்குழுவுக்கு வரவில்லை. விசாரித்தேன். “அறிவிப்பு சைட்டில் இருக்குன்னாங்க சார், என் கம்ப்யூட்டர் ஒண்ணும் படிக்கலையே” என்றார். அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் வைத்திருப்பது, திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர். நம் அறிவிப்பு ஸ்கேன் செய்த படம் என்பதால், அதில் படிக்க அதற்கு எழுத்தே இல்லை. பழைய தீர்மானங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘சங்கம்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் ஆர், க்யூ, அரைப்புள்ளி என்று போகிறது. சந்தா படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் கொடுக்காததால் “எடிட், எடிட்” என்று மட்டும் கேட்டது. கடைசியில், நாம் மனிதர்தான் என்று காட்ட, படத்தைப் பார்த்துத் தட்ட வேண்டிய கேப்சா. எனக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று.

நான்கு மாதம் உழைத்தோம். தீர்மானங்களை, கணினி தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாகப் பிழை பார்த்தோம். படங்களுக்கு விளக்கம் எழுதினோம். தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்ததால் அவர் ஹெச் விசையை அழுத்தித் தாவிப் போகிறார். வெளிர்பச்சை மேல் இருந்த சாம்பல் எழுத்தையும் மாற்றினோம். இணையதளங்களுக்கான உலக அளவிலான நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்பது குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு. கண்புரை உள்ள பெரியவர்களும் இப்போது சுலபமாகப் படிக்கிறார்கள்.

“இப்படிப்பட்ட மூன்று பேருக்காக இவ்வளவா?” என்று கேட்டார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதை விடுங்கள், படிவத்தை நிரப்பவே முடியாமல் இருந்த அந்த ஆசிரியர் ஆள் அனுப்பியாவது 19 ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறார். 214 வீடுகளில் இவ்வாண்டு கட்டியவை 131தான். மூன்று முறை நினைவூட்டியும் பதில் இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். சிறு பற்றாக்குறை உண்டு. தளத்தின் டொமைன் (இணைய முகவரி) கட்டணத்தை இப்போதைக்கு நான் கட்டியிருக்கிறேன், பிறகு சரி செய்துகொள்ளலாம்.

பக்கம் பக்கமாகச் சோதித்துச் சொன்ன ஆசிரியருக்கும், உதவிய கல்லூரி மாணவிக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

வாட்ஸப் குழுவில் அறிவிப்பைப் படமாகப் போடுபவர்கள் கீழே இரண்டு வரி தட்டச்சும் செய்யுங்கள். தளத்தில் ஒரே ஒரு ஸ்கேன் அறிவிப்பு ஏறினாலும் ஆசிரியருக்கு மறுபடி பழைய கதைதான். எனக்கு வயது 66. தளத்தின் கடவுச்சொல் என் ஒருவனிடம் மட்டுமே இருக்கிறது. அடுத்த ஆண்டும் நானே பொறுப்பில் இருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. இளைஞர்கள் இரண்டு பேர் வந்தால் போதும், எல்லாம் கற்றுத் தருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

செயலாளர்