டாக்டர் வீட்டு வாசலில்

பிரிஸ்டல்,
செப்டம்பர் 14

அன்புள்ள ரெஜினா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாததா?

போன வாரம் மகளும் மாப்பிள்ளையும் என்னை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வாலில் போர்ட் ஐசக் என்கிற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாம் என் நச்சரிப்பு தாங்காமல்தான். 'டாக் மார்ட்டின்' என்று ஒரு தொடர் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தேனே, ரத்தத்தைக் கண்டால் குமட்டும் டாக்டர், யாரிடமும் இரண்டு நல்ல வார்த்தை பேசமாட்டார், அந்தத் தொடர் எடுத்த ஊர் இது. கதையில் ஊர் பெயர் போர்ட்வென். 2004-இல் தொடங்கி 2022 வரை பத்து சீசன் ஓடியிருக்கிறது.

துறைமுகம் என்றதும் தூத்துக்குடியை நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவில் கை அகலத்துக்குக் கடல், அலையைத் தடுக்க இரண்டு சுவர், சில படகுகள், அவ்வளவுதான். நாங்கள் போனபோது கடல் வற்றி, படகெல்லாம் மணலில் சாய்ந்து கிடந்தது. அந்த மணலிலேயே காரும் நிறுத்துகிறார்கள்! மாப்பிள்ளைக்கு அதில் ஒரு கண். உங்கள் கரையில் கடல் ஏறினால் ஒரு முழம், இரண்டு முழம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறேழு மீட்டர் ஏறுமாம். மகள் ஒரே பார்வை பார்த்தாள், கார் மேட்டிலேயே நின்றது. இறக்கம் முழுக்க என் முட்டி உன்னை நினைத்துக்கொண்டே வந்தது.

டாக்டர் வீடு எதிர்ச் சரிவில் இருக்கிறது. கல் வீடு, டிவியில் பார்த்த அதே வாசல். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எல்லாம் பக்கத்துப் பண்ணை ஒன்றின் கொட்டகையில் செட் போட்டு எடுத்தார்களாம். அந்த வீட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் நிற்கும்போது உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்தார். வெளியே எட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தோம். "டாக்டர் லீவு" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் போட்டோ எடுத்தேன், மறைக்கவில்லை.

தொடரில் வரும் மருந்துக்கடை உண்மையில் மிட்டாய்க் கடை. முட்டிக்குத் தைலம் கேட்கலாமா என்று மகளிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு சந்து, அதற்குப் பெயரே வயிற்றை எக்கிக்கொண்டு போகிற சந்து என்கிற மாதிரி இருக்கிறது. அகலம் ஏறத்தாழ ஒன்றரை அடி. நான் முயற்சி செய்யவில்லை.

நீ பார்த்திருக்க வேண்டியது மீன் கடையை. படகேற்றும் சரிவை ஒட்டிய பழைய மீன் கிடங்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் சாளையை உப்புப் போட்டு அடுக்கி ஏற்றுமதி செய்த ஊர் இது. இப்போது பிழைப்பு நண்டிலும், லாப்ஸ்டர் என்கிற பெரிய இறாலிலும். தொட்டியில் கிடந்த இறாலைப் பார்த்து அசந்துபோனேன். நம் சிங்கி இறாலுக்குக் கொடுக்கே கிடையாது, இதற்கு என் உள்ளங்கை அளவு கொடுக்கு, இரண்டிலும் ரப்பர் பேண்ட். நிறம் நல்ல கருநீலம், வெந்தால்தான் சிவக்கும். கடையில் இருந்தவர், வயசு நம்மைவிடக் கொஞ்சம் கம்மி இருக்கும், ஒரு சின்ன உலோக அளவுகோலை எடுத்து இறாலின் கண்குழியிலிருந்து முதுகு ஓடு முடியும் இடம் வரை வைத்துக் காட்டினார். அளவு எட்டாவிட்டால் கடலுக்கே திரும்ப வேண்டும். சினை இறால் அகப்பட்டால் வால் செதிலில் ஒரு 'வி' வெட்டுப் போட்டு விட்டுவிடுவார்களாம். அந்த வெட்டு இருக்கும் வரை வேறு யார் பொறிக் கூட்டில் மாட்டினாலும் விட்டுவிடத்தான் வேண்டும். உங்கள் அப்பா சினை நண்டைத் திரும்ப வீசுவார் என்று ஹாஸ்டலில் சொல்வாயே, அந்த ஞாபகம் வந்தது.

பதினெட்டு வருஷத் தொடரில் இந்த அளவுகோலை ஒரு காட்சியிலாவது பார்த்த நினைவு எனக்கு இல்லை. கூட்டில் இரையாக வைக்கும் மீனின் நாற்றமும் டிவியில் வராது, அது சரி.

சாயங்காலம் கிளம்பும்போது பாதி வீடுகளில் விளக்கு இல்லை. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டவை நிறைய என்றார் மாப்பிள்ளை. வீட்டு விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகள் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறதாம். தொடர் பார்த்து வந்து குவிகிற எங்களுக்கும் அதில் பங்கு இருக்கும்.

நவம்பர் முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். உனக்காக அந்த "மருந்துக்கடை" மிட்டாய் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். உன் சர்க்கரை அளவை ஒளிக்காமல் எழுது, டப்பா உனக்கா உன் பேரனுக்கா என்று அப்புறம் முடிவு செய்கிறேன்.

உன்,
சரோஜா