வேதத்தில் சரஸ்வதி கையில் வீணை இல்லை

ஆசிரியருக்கு,

நவராத்திரி மலரில் வந்த சரஸ்வதி கட்டுரை படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'வீணை ஏந்தி வெண்தாமரையில் வீற்றிருப்பதாக ரிக் வேதம் பாடுகிறது' என்ற வரி சரியல்ல. ரிக் வேதத்து சரஸ்வதி முதலில் ஓர் ஆறு. அதுவும் சாதுவான ஆறு இல்லை. அந்த நூலின் ஆறாம் மண்டலத்தின் (மண்டலம் என்றால் பெரும்பிரிவு) 61ஆம் சூக்தத்தில், அதாவது பாட்டில், தாமரைக்கிழங்கு தோண்டுகிறவனைப் போல அவள் தன் அலைகளால் மலை முகடுகளை உடைக்கிறாள். அதே பாட்டின் கடைசியில், 'எங்களை ஒதுக்கிவிடாதே, உன்னை விட்டு வேற்று நிலத்துக்குப் போக வைக்காதே' என்று கெஞ்சுகிறார்கள். கரையோரம் மாடும் வயலுமாகப் பிழைத்தவர்களின் பயம் அது! 'தாயரில் சிறந்தவளே, நதிகளில் சிறந்தவளே, தேவியரில் சிறந்தவளே' என்ற புகழ்பெற்ற விளி இரண்டாம் மண்டலத்தில் வருகிறது.

சரி, கல்வி எங்கிருந்து வந்தது? நல்லெண்ணங்களைத் தூண்டுபவள் என்று ரிக் வேதமே அவளைச் சொல்கிறது. ஆனால் பேச்சின் தேவியான வாக் அங்கே தனித் தெய்வம். பத்தாம் மண்டலத்தில் அவளுக்குத் தனிப் பாட்டு உண்டு. 'வாக்கே சரஸ்வதி' என்று இருவரையும் ஒன்றாக்கியவை, வேதச் சடங்குகளை விளக்கப் பின்னால் எழுந்த 'பிராமணங்கள்' என்ற நூல்கள். வீணை அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். மதுராவில் கிடைத்த, கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சமணச் சரஸ்வதி சிலையின் கையில் இருப்பதுகூட ஏடுதான், வீணை அல்ல.

அடுத்த மலரில் ஒரு சிறு திருத்தம் போட்டால் நல்லது.

வாசகர், திருச்சி