ஊருணிக் கரையில் புகை, பூட்டிய வீட்டில் கொசு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெங்கு தடுப்புப் பணிகள் பற்றித் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊருக்கும் கொசுமருந்துப் புகை வந்துவிடுகிறது. வரட்டும். ஆனால் சாயங்காலமானால் ஊருணிக் கரையைச் சுற்றியே அடிக்கிறார்கள். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் டெங்கு பிறக்கிற இடம் என்று கணக்கு!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஊருணியைத் தேடிப் போவதில்லை. கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடாத தொட்டி என வீட்டையொட்டித் தேங்கும் தண்ணீர்தான் அதற்குத் தோது. முட்டைகள் பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது; தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

இதற்குச் செட்டிநாட்டைவிட வசதியான இடம் ஏது? பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பூட்டுத் தொங்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு. உள்ளே முற்றத்து ஓரம் மழைத்தண்ணீர் பிடித்த கிடாரம் என்கிற பெரிய அண்டா, பின்கட்டில் கல்தொட்டி, மேலே கூரைத் தண்ணீர் வடிகிற, சருகு அடைத்த தகரப் பீலி. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தெருவில் விடும் புகை அந்தத் தேக்குக் கதவைத் தாண்டிப் போகுமா? போனாலும் பறக்கிற கொசுதான் சாகும். தொட்டிக்குள் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

கரையில் அந்தப் புகைக்குப் பலியாவது தட்டான். பொழுது சாயும்போது கோரையிலும் புல்லிலும் அது அடைகிற நேரம் பார்த்து மருந்தடிக்கிறார்கள். தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள், முட்டையிடுகிறது. குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளரும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வும், சின்னத் தலைப்பிரட்டையையும் விடாது. வளர்ந்ததும் கோரைத் தண்டில் ஏறி, முதுகுத் தோல் வெடித்துச் சிறகோடு வெளிவரும். காலையில் போனால் காலி கூடு தண்டைப் பிடித்தபடியே இருக்கும். மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் இந்தியப் பெருங்கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் தாண்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இளைத்ததல்ல.

தட்டான் டெங்குவை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பூட்டிய வீட்டுக் கிடாரத்துக்கு அது வரப்போவதில்லை. ஊருணியில் பிறக்கும் மற்றக் கொசுக்களுக்கு அதுதான் எமன். அதைக் கொன்றுவிட்டு அடுத்த மாதமும் மருந்து வாங்குவது என்ன கணக்கு? தூர்வாருகிறோம் என்று கரைப்புல்லை ஒட்ட வழித்துச் சிமெண்ட் பூசுவதும் இதே கதைதான். ஊசித்தட்டான் செடித் தண்டுக்குள்தான் முட்டை வைக்கும். தண்டே இல்லாவிட்டால் எங்கே போகும்? ஒரு கரையையாவது விட்டுவைக்கலாம்.

பூட்டிய வீடுகளைக் கணக்கெடுத்து, சாவி வைத்திருப்பவரையும் கூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை உள்ளே போகச் சுகாதாரப் பணியாளர்களுக்கு உத்தரவிட வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பற்றாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெளியூர்ப் பங்காளிகளும் சாவியைத் தெருவில் ஒருவரிடம் கொடுத்து, புறப்படும்போது கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார வாசகர்